பறவைக் கணக்கு எழுதிய வரலாறு

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றும் மரபினர் நாம். நெல்லை மரக்காலால் அளந்தோம். ஆடுமாடுகளை மாலைதோறும் எண்ணிப் பட்டியில் அடைத்தோம். மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலோ விடியுமுன்னே பெரட்டுக் களத்தில் நிறுத்தி நம் முன்னோரையே எண்ணினார்கள். இவ்வெண்ணிக்கைகள் அனைத்திற்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. தனக்கு உடைமையானவற்றை, தனக்குப் பயன்படுவனவற்றை மட்டுமே மனிதன் எண்ணி வந்திருக்கிறான். எவருக்கும் உடைமையல்லாத காட்டுப் பறவையையும் விலங்கையும் ஆண்டுதோறும் எண்ணிக் குறித்துவைக்க வேண்டும் என்னும் எண்ணம் மனித வரலாற்றில் மிகப் பிந்தியே தோன்றிற்று. அவ்வெண்ணம் எங்குத் தோன்றியது, எவ்வாறு வளர்ந்தது, நம் நாட்டை எவ்வழியில் வந்தடைந்தது, அதனால் விளைந்த பயன் யாது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணக்கிற்கு முந்திய குறிப்புகள்

பறவைகளை உற்று நோக்கும் பழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. பருவந்தோறும் இடம்பெயரும் பறவைகளின் போக்கை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். நாரையின் வடதிசைப் பயணத்தை அறிந்திருந்தமையாற்றான் சத்திமுற்றப் புலவர் அதனைத் தம் வறுமை சொல்லத் தூது விடுத்தார். செங்கற்பட்டை அடுத்த வேடந்தாங்கல் ஊரார், தங்கள் ஏரி மரங்களில் கூடு கட்டும் நீர்ப்பறவைகளின் எச்சம் ஏரி நீருக்கு உரமாகி வயலை வளப்படுத்துவதை உணர்ந்து, அவற்றைச் சுடலாகாது என்று தடுத்தனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேய ஆட்சித்தலைவரிடம் அதற்கு எழுத்து வடிவில் ஒப்புதலும் பெற்றனர். அறிவும் அன்பும் இங்கிருந்தன. ஆயின் இவ்வாண்டு எத்தனை வந்தன, சென்ற ஆண்டு எத்தனை வந்தன என்று எழுதிவைக்கும் வழக்கம் அக்காலத்தில் வேரூன்றவில்லை.

ஐரோப்பாவிலும் முதலில் தோன்றியவை நாட்குறிப்புகளே. இங்கிலாந்தின் நார்போக் பகுதியில் வாழ்ந்த ராபர்ட் மார்சம் என்பார், 1736ஆம் ஆண்டு முதல் வசந்தத்தின் அடையாளங்களைக் குறிக்கத் தொடங்கினார். முதல் தகைவிலான் குருவி எந்நாளில் தென்பட்டது, முதல் குயில் எந்நாளில் கூவியது, எம்மரம் எந்நாளில் தளிர்த்தது என்று ஆண்டுதோறும் எழுதினார். அவர் மறைந்த பின்னரும் அவர் வழிவந்தோர் அப்பணியைக் கைவிடவில்லை. 1958ஆம் ஆண்டு வரை, இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாக, ஒரே குடும்பத்தின் கையெழுத்துகளில் அக்குறிப்பு தொடர்ந்தது. செல்போர்ன் என்னும் சிற்றூரில் வாழ்ந்த கில்பர்ட் ஒயிட் என்னும் சமயகுரு, 1768 முதல் தாம் மறைந்த 1793 வரை இயற்கை நாட்குறிப்பு ஒன்றைப் பேணினார். தம் ஊரின் உயிரினங்களைப் பற்றி அவர் எழுதிய நூல் இன்றளவும் பயிலப்படுகிறது.

இவை தனிமனிதர் முயற்சிகள். ஒருவர் ஓரிடத்தில் கண்டதைக் கூறின. ஒரு நாடு முழுவதும் நிகழ்வதைக் கூற இயலவில்லை. பலர் ஒன்றுகூடி, ஒரே நேரத்தில், ஒரே முறையில் எண்ணும்போதுதான் குறிப்பு கணக்காகிறது. அம்மாற்றம் வட அமெரிக்காவில் நிகழ்ந்தது.

தொப்பியில் எண்ணப்பட்ட பறவைகள்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க, ஐரோப்பிய மகளிரிடையே பறவை இறகுகளால் தொப்பியை அணிசெய்யும் வழக்கம் பரவியிருந்தது. இறகு மட்டுமன்று, சில வேளைகளில் பாடம் செய்யப்பட்ட முழுப் பறவையே தொப்பியின்மேல் அமர்ந்திருக்கும். 1886ஆம் ஆண்டில் பிராங்க் சாப்மன் என்னும் இளைஞர் நியூயார்க் நகரின் கடைத்தெருக்களில் இரண்டு முறை உலாப் போனார். எதிரே வந்த மகளிரின் தொப்பிகளை எண்ணினார். அவர் கண்டவை 700 தொப்பிகள். அவற்றுள் 542 தொப்பிகளில் இறகுகள் இருந்தன. அவ்விறகுகளைக் கொண்டு 40 பறவையினங்களை அவர் இனங்கண்டார். காட்டில் காணவேண்டிய பறவைகளை நகரத் தெருவில், உயிரற்ற நிலையில் அவர் எண்ணினார். அழிவின் அளவை உலகிற்கு உணர்த்திய முதற்கணக்குகளுள் இதுவும் ஒன்று எனலாம்.

அதே காலத்தில் இன்னொரு பேரழிவும் நிகழ்ந்துகொண்டிருந்தது. வட அமெரிக்காவில் பயணிப் புறா என்றொரு பறவையினம் வாழ்ந்தது. அதன் தொகை ஒரு காலத்தில் முந்நூறு கோடிக்குக் குறையாது என்பது அறிஞர் மதிப்பீடு. அதன் கூட்டம் கடந்து செல்கையில் கதிரவன் மறைந்து பகல் இருண்டது என்று நேரிற் கண்டோர் எழுதியுள்ளனர். இறைச்சிக்காக அவை வண்டி வண்டியாகக் கொல்லப்பட்டன. அவ்வினத்தின் கடைசிப் பறவையாகிய மார்த்தா, 1914ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் சின்சினாட்டி நகர விலங்ககத்தில் உயிர்விட்டது. கோடிக்கணக்கில் இருந்த பறவை ஆண்டுதோறும் எவ்வளவு குறைந்தது என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை. மிகுதியாக இருப்பதை எண்ண வேண்டுவதில்லை என்று மனிதன் கருதினான். அக்கருத்தின் விலை ஓர் இனத்தின் முடிவு.

1900ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் நாள்

அக்கால அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் நாளன்று அணி வேட்டை என்றொரு பொழுதுபோக்கு இருந்தது. நண்பர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து துப்பாக்கியுடன் வயலுக்கும் காட்டுக்கும் செல்வர். கண்ணில் பட்ட பறவையையும் விலங்கையும் சுட்டுக் கொணர்ந்து குவிப்பர். எவ்வணியின் குவியல் பெரிதோ அவ்வணி வென்றதாகும். உணவுக்கென்று கொன்றதன்று, எண்ணிக்கைக்கென்று கொன்றது.

தொப்பிகளை எண்ணிய சாப்மன், பின்னாளில் நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்றுக் காட்சியகத்தில் பறவையியல் அறிஞராக விளங்கினார். 1899இல் பறவைகளுக்கென ஓர் இதழும் தொடங்கினார். 1900ஆம் ஆண்டு டிசம்பர் இதழில் அவர் ஒரு மாற்றுக் கருத்தை முன்வைத்தார். வேட்டையை நிறுத்துங்கள் என்று அறிவுரை பகர்வதோடு அவர் நின்றுவிடவில்லை. போட்டியை விரும்பும் மனத்திற்கு வேறொரு போட்டியைக் கொடுத்தார். கிறிஸ்துமஸ் நாளில் வெளியே செல்லுங்கள், கண்ட பறவைகளைச் சுடாமல் எண்ணுங்கள், எண்ணியதை எழுதி அனுப்புங்கள் என்றார்.

அவ்வழைப்பை ஏற்று முதலாண்டில் எண்ணியோர் 27 பேர். கனடாவின் டொராண்டோ முதல் கலிபோர்னியாவின் பசிபிக் குரோவ் வரை 25 இடங்களில் அவர்கள் ஏறத்தாழ 90 இனங்களைக் கண்டு எழுதினர். அச்சிறு கூட்டம் தொடங்கிவைத்த பணி இருபத்தோராம் நூற்றாண்டிலும் ஆண்டு தவறாமல் நடைபெறுகிறது. 2,500க்கும் மேற்பட்ட வட்டங்களில் பல்லாயிரம் தன்னார்வலர் இதில் பங்கு கொள்கின்றனர். இரண்டு உலகப் போர்களும் பெரும் பொருளாதார வீழ்ச்சியும் இதனை நிறுத்தவில்லை.

எண்ணும் முறை

பறவையை எண்ணுதல் எளிது போலத் தோன்றும். ஆனால் பறவை நிற்பதில்லை. ஒன்றையே இருமுறை எண்ணிவிடலாம். நூறு பேர் எண்ணும் ஊரில் மிகுதியாகவும் பத்துப் பேர் எண்ணும் ஊரில் குறைவாகவும் தென்படுதல் இயல்பு. அதனைக் கொண்டு முதலூரில் பறவை மிகுதி என்று முடிவு செய்தல் பிழையாகும். எனவே காலப்போக்கில் விதிகள் வகுக்கப்பட்டன.

முதலாவது, இடம். 15 மைல், அதாவது ஏறத்தாழ 24 கிலோமீட்டர் விட்டமுள்ள வட்டம் ஒன்று வரையறுக்கப்படுகிறது; ஆண்டுதோறும் அதே வட்டத்திலேயே எண்ண வேண்டும். இரண்டாவது, காலம். டிசம்பர் 14 முதல் ஜனவரி 5 வரையிலான நாட்களுள் ஒரு நாளைத் தெரிந்து, அந்நாளின் 24 மணி நேரத்திற்குள் எண்ணி முடிக்க வேண்டும். மூன்றாவது, உழைப்பு. எத்தனை குழுவினர், எத்தனை மணி நேரம் எண்ணினர் என்பதும் பறவைத் தொகையோடு சேர்த்து எழுதப்படுகிறது. இம்மூன்றாவது விதியே கணக்கின் உயிர்நாடி. தொகையை உழைப்பால் வகுத்து நோக்கும்போதுதான் ஓராண்டை மற்றோராண்டோடு ஒப்பிட முடிகிறது.

பெருங்கூட்டத்தை எண்ணுவதற்கும் முறையுண்டு. முதலில் பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அப்பத்து கண்ணில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனத்திற் பதித்துக் கொள்வர்; அதனைக் கொண்டு நூறை அளப்பர்; நூறைக் கொண்டு கூட்டத்தை அளப்பர். கடலோரச் சேற்றுநிலப் பறவைகளை, நீர் ஏறும் வேளையில் எண்ணுவர். நீர் வற்றியிருக்கையில் மைல் கணக்கில் பரந்து மேயும் பறவைகள், நீர் ஏறியதும் எஞ்சிய சிறு திட்டுகளில் நெருங்கி ஒதுங்குமாதலின் அப்போது எண்ணுதல் எளிது.

கணக்கு உணர்த்திய உண்மைகள்

ஓராண்டுக் கணக்கு ஒன்றையும் கூறாது. ஐம்பதாண்டுக் கணக்கோ நாம் வினவாதவற்றையும் கூறும். 1980களில் கிறிஸ்துமஸ் கணக்குகளை ஆராய்ந்தோர், அமெரிக்கக் கருவாத்துகளின் தொகை தொடர்ந்து குறைந்து வருவதைக் கண்டனர். அதன் விளைவாக அவற்றை வேட்டையாடும் அளவு குறைக்கப்பட்டது. 2009இல் வெளிவந்த ஆய்வொன்று, நாற்பதாண்டுக் கணக்குகளில் 305 இனங்களை ஒப்பிட்டது. அவற்றுள் 177 இனங்கள் குளிர்காலத்தில் தாம் தங்கும் இடத்தை வடக்கு நோக்கி நகர்த்தியிருந்தன. உலகம் வெப்பமடைகிறது என்பதற்குப் பறவைகளே சான்று பகர்ந்தன. சாப்மனுக்கு முதற்கணக்கை எழுதி அனுப்பிய அந்த 27 பேருள் எவரும் இத்தகைய பயனைக் கனவிலும் கருதியிருக்க மாட்டார்கள்.

2019இல் வெளியான மற்றோர் ஆய்வு, இக்கணக்கையும் 1966இல் தொடங்கிய இனப்பெருக்கக் காலக் கணக்கையும் பிறவற்றையும் ஒருசேர நோக்கியது. 1970க்குப் பின் வட அமெரிக்கா ஏறத்தாழ 290 கோடிப் பறவைகளை இழந்துள்ளது என்னும் முடிவிற்கு அது வந்தது. குறைந்தவற்றுள் பெரும்பகுதி அரிய பறவைகள் அல்ல. வீட்டோரத்தில் நாள்தோறும் காணும் எளிய பறவைகள். பயணிப் புறாவின் அழிவைக் கணக்கின்றி இழந்த நாடு, இம்முறை இழப்பைக் கணக்கோடு அறிந்தது. அறிந்தமையால் தடுக்கும் வாய்ப்பேனும் கிட்டியது.

நம் மண்ணில் நிகழ்ந்தவை

மலாயாவிலும் துப்பாக்கியிலிருந்து ஏட்டுக்கு மாறிய வரலாறு உண்டு. தியோடர் ஹப்பேக் என்பார் முதலில் யானையையும் காட்டெருதையும் தேடிச் சென்ற வேட்டைக்காரர். பின்னர் அவரே வனவிலங்குகளின் காவலரானார். 1930களின் தொடக்கத்தில் மலாயா வனவிலங்கு ஆணையத்தை முன்னின்று நடத்தி, நாடெங்கும் சென்று சான்றுகளைத் திரட்டி விரிவான அறிக்கை அளித்தார். பகாங், கிளந்தான், திரெங்கானு ஆகிய மூன்று மாநிலங்களிலும் பரந்துள்ள தேசியப் பூங்கா, அந்தப் பத்தாண்டின் இறுதியில் உருவாயிற்று. நாம் தாமான் நெகாரா என்று அழைப்பது அதனையே. 1940இல் மலாயா இயற்கைக் கழகம் தோன்றிற்று. அதன் ஆய்விதழும் அவ்வாண்டே தொடங்கி, இந்நாட்டு உயிரினங்களைப் பற்றிய குறிப்புகளின் களஞ்சியமாயிற்று.

உலகளாவிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1967இல் தொடங்கியது. 1987இல் இந்தியத் துணைக்கண்டத்தில் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு விரைவில் தென்கிழக்காசியாவிற்கும் பரவிற்று. ஆண்டுதோறும் ஜனவரித் திங்களில், சைபீரியாவிலிருந்தும் சீனத்திலிருந்தும் வந்த பறவைகள் நம் கடற்கரைகளில் தங்கியிருக்கும் வேளையில், தன்னார்வலர் சேற்றில் இறங்கி எண்ணுகின்றனர்.

போர்ட்டிக்சனை அடுத்த தஞ்சோங் துவானில் நடைபெறும் கணக்கு மற்றொரு வகையினது. மலாக்கா நீரிணை மிகவும் குறுகியிருக்கும் இடங்களுள் அது ஒன்று. எதிரே சுமத்திராவின் ரூப்பாட் தீவு ஏறத்தாழ 38 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. தேன்பருந்து முதலிய பெரும் பறவைகள் நிலத்திலிருந்து எழும் வெப்பக் காற்றில் ஏறி, சிறகசைக்காமல் மிதந்து செல்பவை. கடல்மேல் அத்தகைய வெப்பக் காற்று எழுவது அரிது. ஆகவே கடலைக் கடக்க மிகக் குறுகிய வழியை அவை தெரிகின்றன. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வடக்கு நோக்கித் திரும்பும் பருந்துகள் களைத்துத் தாழ்ந்து கரையேறும் காட்சியைத் தஞ்சோங் துவானில் காணலாம். 2000ஆம் ஆண்டு தொடங்கி மலேசிய இயற்கைக் கழகம் அங்குப் பருந்து காணும் விழாவை நடத்தி வந்துள்ளது. பொதுமக்களும் மாணவரும் வானை அண்ணாந்து நோக்கி எண்ணக் கற்றுக்கொள்ளும் திறந்தவெளிப் பள்ளி அது.

சிங்கப்பூரின் சுங்கை பூலோ, கணக்கு எதனைச் சாதிக்கும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பழைய இறால் பண்ணைக் குட்டைகள் நிறைந்த அச்சதுப்பு நிலத்தில் இடம்பெயர் பறவைகள் திரள்வதை 1986இல் பறவை ஆர்வலர்கள் கண்டனர். கண்டவற்றைத் தொகுத்து அரசிடம் திட்டமொன்றை அளித்தனர். நிலம் மிகக் குறைந்த தீவு அது. ஒவ்வோர் ஏக்கருக்கும் வேறு தேவை காத்திருந்தது. அவ்வாறிருந்தும் 1989இல் 87 ஹெக்டேர் நிலம் இயற்கைப் பூங்காவாக ஒதுக்கப்பட்டது. 2002இல் 130 ஹெக்டேராக விரிந்து சட்டப் பாதுகாப்பும் பெற்றது. பறவைகள் அழகானவை என்று மட்டும் சொல்லியிருந்தால் அந்நிலம் கிடைத்திருக்குமா என்பது ஐயமே. எவை வருகின்றன என்று எழுதிக் காட்டியமையால் வாதம் வலுப்பெற்றது.

மாத்தாங் நாரை

கணக்கின் வெற்றியை மட்டும் கூறி முடித்தல் நேர்மையாகாது. பேராக் மாநிலத்தின் மாத்தாங் சதுப்புக் காடுகள் பால்வண்ண நாரையின் உறைவிடம். வெண்மையான உடலும் மஞ்சள் அலகும் கொண்ட அப்பறவை, தமிழகத்து ஏரிகளில் வாழும் மஞ்சள்மூக்கு நாரைக்கு நெருங்கிய உறவினம். 1984இல் நூற்றுக்கு மேற்பட்ட பால்வண்ண நாரைகள் இந்நாட்டில் இருந்தன. 2005இல் பத்துக்கும் குறைவாகவே எஞ்சின. இருபத்தோர் ஆண்டுகளில் பத்தில் ஒன்பது பங்கிற்கு மேல் மறைந்துவிட்டது. சதுப்புக் காடுகள் அழிக்கப்படுதல், வேட்டை, குஞ்சுகளைக் கவர்ந்து விற்றல் ஆகியவை அவ்வினத்தை வருத்தும் காரணங்கள். 2013இல் உலக அளவிலும் அது அழிவின் விளிம்பை நெருங்கும் இனங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. தேசிய விலங்ககத்தில் வளர்த்த நாரைகளைக் கோலா சிலாங்கூரிலும் கோலா கூலாவிலும் மீண்டும் விடுவித்த முயற்சிகள் நம்பிக்கை தருவன. ஆயினும் எண்ணியோர் ஆண்டுதோறும் எண்ணிக்கொண்டிருக்க, எண்ணப்பட்டவை ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வந்தன என்பதை நாம் மறைக்கலாகாது.

புலியின் நிலையும் இத்தகையதே. 1950களில் தீபகற்பத்தில் ஏறத்தாழ 3,000 புலிகள் இருந்ததாகக் கூறுவர். அது மதிப்பீடே, எவரும் எண்ணிக் கண்டதன்று. முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பு 2016 முதல் 2020 வரை நடைபெற்றது. காட்டில் பொருத்திய தானியங்கிக் கேமராக்களில் பதிந்த வரிகளைக் கொண்டு ஒவ்வொரு புலியையும் தனித்தனியே இனங்கண்டனர். ஒரு புலியின் வரி மற்றொன்றுக்கு அமைவதில்லை. முடிவில் 150க்கும் குறைவான புலிகளே எஞ்சியுள்ளன என்பது தெரிந்தது. நாட்டின் சின்னத்தில் இரண்டு புலிகளைப் பொறித்த நாம், காட்டுப் புலிகளை முறையாக எண்ணத் தொடங்கியது விடுதலை பெற்று ஏறத்தாழ அறுபதாண்டுகளுக்குப் பின்னரே.

இவ்விரண்டு வரலாறுகளும் இரண்டு உண்மைகளைப் புகட்டுகின்றன. காலந்தாழ்த்தி எண்ணினால், இழந்தது எவ்வளவு என்பதே தெரியாமற் போகும். காலத்தே எண்ணினும், எண்ணியதைச் செயலாக்குவார் இல்லையேல் அக்கணக்கு வெறும் இரங்கற் குறிப்பாகவே முடியும். மருத்துவர் நாடி பார்ப்பது நோயை அறிதற்கு. நாடி பார்த்தலே மருந்தாகிவிடாது. ஆயின் நாடி பாராமல் மருந்து கொடுப்பாரும் இல்லை.

பள்ளிகள் ஆற்றத்தக்க பணி

இப்பணிக்கு உயர்ந்த கருவிகள் வேண்டுவதில்லை. 2002இல் தோன்றிய மின்வழிப் பதிவேடு இன்று உலகெங்கும் உள்ளோரின் குறிப்புகளை ஒன்றாகத் திரட்டுகிறது. தமிழகத்தில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைகளை எண்ணும் வழக்கம் ஏற்பட்டு, மாணவரும் ஆசிரியரும் ஆர்வத்தோடு பங்கு கொள்கின்றனர். உழவர் திருநாளில் வயற்பறவைகளை எண்ணுதல் எத்துணைப் பொருத்தம்! அதே பொங்கல் நாம் கொண்டாடும் பொங்கலும் ஆகும். ஜனவரித் திங்களில் இடம்பெயர் பறவைகள் நம் கரையிலும் தங்கியிருக்கின்றன.

நம் தமிழ்ப்பள்ளித் திடல்களில் காணும் எளிய பறவைகளுக்கும் வரலாறு உண்டு. கிள்ளான் வட்டாரத்துக் காகங்கள், காப்பிச் செடிகளை அரித்த புழுக்களை ஒழிப்பதற்காக 19ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்டவை. காப்பித் தோட்டங்கள் மறைந்தன, காகங்கள் நிலைத்தன. சிங்கப்பூரில் 1920களில் வந்து சேர்ந்த சாவக மைனா, முன்னிருந்த சாதாரண மைனாவைப் பின்தள்ளி எங்கும் நிறைந்தது. நாள்தோறும் காண்பதாலேயே இத்தகைய மாற்றங்கள் நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஏடு மட்டுமே அவற்றைப் புலப்படுத்தும்.

ஆசிரியர் ஒருவர், ஆண்டுக்கு ஒருமுறை, அதே திடலில், அதே திங்களில், அதே ஒரு மணி நேரம், மாணவரோடு பறவைகளை எண்ணி ஏட்டில் எழுதட்டும். எத்தனை பேர் எண்ணினர் என்பதையும் எழுதட்டும். பறவைகளின் தமிழ்ப் பெயர்களைத் தேடியறிந்து எழுதுதல் மொழிப் பாடமாகும். கூட்டியும் வகுத்தும் பார்த்தல் கணக்குப் பாடமாகும். சென்ற ஆண்டோடு ஒப்பிடுதல் வரலாற்றுப் பாடமாகும். ஆசிரியர் இடமாற்றம் பெறலாம். மாணவர் வளர்ந்து வெளியேறலாம். ஏடு பள்ளியில் இருக்க வேண்டும். மார்சம் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகச் செய்ததை ஒரு பள்ளி செய்தல் அரிதன்று.

1900ஆம் ஆண்டில் 27 பேர் எழுதிய சிறு குறிப்பு நூறாண்டுக்குப் பின் உலகிற்குச் சான்றாயிற்று. இன்று நம் பள்ளித் திடலில் எழுதப்படும் கணக்கின் பயனையும் நாம் காணமாட்டோம். நமக்குப் பின் வருவோர் காண்பர். அவர்கள் அவ்வேட்டைப் புரட்டும்போது, அதில் உள்ள பறவைகள் வானிலும் இருத்தல் வேண்டும். அதற்கான பொறுப்பு இன்று எண்ணும் நம்முடையதே.